அரம் பட்ட சிலிண்டர்

ஆனி பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து, செங்கோட்டையைக் கடந்து, இலத்தூர்க் குளத்தங்கரை வரைக்கும் மரங்களைப் பிடித்து உலுக்கும். குற்றாலத்துக்கு அது சாரல் மாதம். சாலையோரப் புளிய மரங்களுக்கும் தோப்புத் தென்னைகளுக்கும் அது கிளை முறிகிற மாதம். ஒரு தலைமுறைக்கு முன்னால் விழுந்த மரத்தை அப்புறப்படுத்தக் கோடரிக்காரர்கள் வேண்டும், இருவர் பிடித்து இழுக்கிற ரம்பம் வேண்டும். அரை நாள் போய்விடும். இப்போது தீயணைப்பு வண்டியில் வருகிறவரும் சரி, மர மில்லுக்குத் தடி ஏற்ற வருகிறவரும் சரி, கையில் ஒரு மரம் அறுக்கும் மெஷினோடுதான் இறங்குகிறார்கள். இரண்டு இழுப்பில் ஓர் அலறல். பல் மரத்தில் பதிந்துவிடும்.

அந்த அலறலுக்குள் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய மரம் அறுக்கிறவர்கள் வைத்திருக்கும் 70 சிசி மெஷின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர். அது மேலும் கீழும் போய்வரும் தூரம் 36 மில்லிமீட்டர். மரத்தில் இறங்கியிருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று. அப்படியானால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஆறு பங்கு. ஏழு பல் ஸ்ப்ராக்கெட்டில் ஓடும் 3/8 அங்குலச் செயின், சுற்றுக்கு 13 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக நகரும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 22 மீட்டர், மணிக்கு 80 கிலோமீட்டர்.

இத்தனையும் கையில் தூக்குகிற எடைக்குள். ஜெர்மனியின் ஸ்டில் நிறுவனம் 1959-இல் கொண்டுவந்த கான்ட்ரா என்ற மெஷின் 12 கிலோ இருந்தது, 6 குதிரைத்திறன் தந்தது. அதுவே அன்று பெரிய பாய்ச்சல். அதே நிறுவனத்தின் எம்எஸ் 661 இன்று 7.4 கிலோ எடையில் 5.4 கிலோவாட், அதாவது 7 குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது. டூ ஸ்ட்ரோக் என்ஜினைத் தவிர வேறெந்தப் பெட்ரோல் என்ஜினும் இந்த எடையில் இந்த வேலைக்கு வரவில்லை. ஆனாலும் மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கு அது போதுவதில்லை. ஆர்எக்ஸ் 100 பைக்குக்குப் போர்ட் வெட்டிக் கொடுத்த மெக்கானிக்குகள் இருக்கிற ஊரில், "இதுக்கும் கொஞ்சம் வெட்டிப் பார்த்தா என்ன?" என்ற கேள்வி எழாமல் இருக்காது.

வெட்டுவது என்றால் எதை? அதைச் சொல்ல, இந்த என்ஜினில் என்ன இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை, டைமிங் செயின் இல்லை. இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே 1891-இல் காப்புரிமை பெற்ற என்ஜினில் கிராங்க் கேஸே பம்பாக வேலை செய்தது. அவரிடம் வேலை பார்த்த ஃபிரடெரிக் காக் அடுத்த ஆண்டு எஞ்சியிருந்த வால்வையும் தூக்கி எறிந்தார். சிலிண்டர்ச் சுவரில் மூன்று வகைத் துளைகள். அவற்றை மூடித் திறக்கும் கதவு பிஸ்டனேதான். கீழேயுள்ள துளை வழியாகப் பெட்ரோல் கலந்த காற்று கிராங்க் கேஸுக்குள் நுழைகிறது. பிஸ்டன் இறங்கும்போது அது அமுக்கப்பட்டு, டிரான்ஸ்ஃபர் போர்ட் என்னும் பக்கவாட்டுப் பாதைகள் வழியே மேலே ஏறுகிறது. எரிந்த புகை எக்ஸாஸ்ட் போர்ட் வழியே வெளியே போகிறது. எந்தத் துளை எவ்வளவு உயரத்தில், எவ்வளவு அகலத்தில் இருக்கிறதோ, அதுவே அந்த என்ஜினின் குணம். ஆகவே அரத்தை எடுத்தவர் கையில் அந்தக் குணத்தை மாற்றும் அதிகாரமும் வந்துவிடுகிறது.

இதில் ஒரு சங்கடம் பிறவியிலேயே உண்டு. பழைய புகை வெளியேறிக்கொண்டிருக்கும்போதே புதிய கலவை உள்ளே வர வேண்டும். திருவிழாக் காலத்துத் தென்காசி பஸ்ஸில் முன்வாசலில் ஆள் இறங்கி முடிவதற்குள் பின்வாசலில் ஏறுகிற கூட்டம், சிலரை ஏறிய வேகத்திலேயே முன்வாசல் வழியே தள்ளிவிடுவதுபோல, புதிய கலவையில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சருக்குப் போய்விடும். சாதாரண கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்கில் இப்படி வீணாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மோசமான வடிவமைப்பில் மூன்றில் ஒரு பங்கு. 1920-களில் ஜெர்மானியப் பொறியாளர் அடால்ஃப் ஷ்னுர்லே, டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகளை எக்ஸாஸ்டுக்கு எதிர்ச்சுவரை நோக்கித் திருப்பி வைத்தார். புதிய கலவை அந்தச் சுவரில் ஏறி, மேலே வளைந்து, பழைய புகையைத் தள்ளிக்கொண்டு வரும். அந்த யோசனைதான் இன்றைய மரம் அறுக்கும் மெஷின் வரை வாழ்கிறது. போர்ட்டின் உயரத்தைவிட அதன் சாய்வுக் கோணத்தைக் கெடுத்துவிடுவது பெரிய குற்றம் என்று அனுபவமுள்ள ட்யூனர்கள் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

இப்போது அரத்துக்கு வருவோம். நாம் எடுத்துக்கொண்ட 36 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் என்ஜினில், பிஸ்டன் உச்சியிலிருந்து இறங்கி, கிராங்க் 100 டிகிரி திரும்பியதும் எக்ஸாஸ்ட் திறக்கிறது என்று வைப்போம். அப்போது பிஸ்டன் இறங்கியிருப்பது 23.6 மில்லிமீட்டர். போர்ட் மொத்தம் 160 டிகிரி திறந்திருக்கும். அதன் மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் திறப்பது மூன்றரை டிகிரி முன்னதாக, மூடுவது மூன்றரை டிகிரி பின்னதாக நடக்கும். மொத்தம் ஏறத்தாழ 7 டிகிரி கூடுதல். 10,000 சுற்றில் இந்த 7 டிகிரியின் மதிப்பு ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். ஒரு மில்லிமீட்டர் உலோகத்தைக் கொடுத்து வாங்குகிற நேரம் அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றாலும் அது போதும். எக்ஸாஸ்ட் திறந்ததற்கும் டிரான்ஸ்ஃபர் திறப்பதற்கும் நடுவே, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் தானாக வடிந்துவிட வேண்டும். அந்த இடைவெளி 20 டிகிரி என்றால், 10,000 சுற்றில் அதற்குக் கிடைப்பது 0.33 மில்லிநொடி. 13,000 சுற்றுக்குப் போனால் 0.26. நேரம் போதாவிட்டால் புகை டிரான்ஸ்ஃபர் பாதையிலேயே திரும்பி இறங்கி, புதிய கலவையைக் கெடுக்கும். என்ஜின் அதற்கு மேல் ஏற மறுக்கும். விளிம்பை உயர்த்தினால் இந்தத் தடை தள்ளிப் போகிறது, உச்ச வேகம் ஏறுகிறது.

விலை வேறு இடத்தில் கேட்கப்படும். போர்ட் முன்னதாகத் திறந்தால், எரிந்து விரிகிற வாயு பிஸ்டனைத் தள்ளும் தூரம் 23.6-இலிருந்து 22.6 மில்லிமீட்டராகக் குறைகிறது. மேலே ஏறும்போது கலவையை அமுக்குகிற தூரமும் அதே அளவு குறையும். இரண்டிலும் நூற்றுக்கு நான்கு நஷ்டம். வெறுமனே முடுக்கினால் ஊரே திரும்பிப் பார்க்கும். இரண்டடிப் புளியமரத்தில் பல்லைப் பதித்து அழுத்தினால் நின்றுவிடும். மெக்கானிக்குகள் "பிக்கப்" என்றும் "இழுவை" என்றும் பிரித்துச் சொல்வது இந்த இரண்டையும்தான். பைக் ஓட்டுகிறவருக்குக் கியர் இருக்கிறது. என்ஜின் எந்த வேகத்தில் நன்றாக இழுக்கிறதோ அந்த வேகத்தில் வைத்துக்கொள்ளலாம். மரம் அறுக்கிறவருக்குக் கியர் கிடையாது. மரமே வேகத்தை முடிவு செய்யும்.

இந்தியாவில் இந்தப் பேரத்தை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்த வாகனம் ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்டி 350 ஜப்பானில் 39 குதிரைத்திறன் தந்த வண்டி. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் அதை இங்கே கொண்டுவந்தபோது 30.5 குதிரைத்திறனுக்கு அடக்கியது. பெட்ரோல் குடிக்கிறது என்ற புகார் வந்ததும் இன்னொரு வகையை 27-க்கு இறக்கியது. என்ஜின் அதே 347 சிசிதான். மூச்சு விடுகிற வழி மட்டும் நெருக்கப்பட்டது. உள்ளே இன்னும் பன்னிரண்டு குதிரை கட்டிக்கிடக்கிறது என்று தெரிந்த பிறகு, பட்டறைகள் சும்மா இருக்குமா? சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களும், 1990-இல் வந்த இருங்காட்டுக்கோட்டைத் தடமும் டூ ஸ்ட்ரோக் ட்யூனிங்கின் பள்ளிக்கூடங்களாக இருந்தன. 1985-இல் வந்த ஆர்எக்ஸ் 100 அந்த வித்தையை ஊர்ப் பட்டறைக்கு இறக்கியது: 98 சிசி, 11 குதிரைத்திறன், கழற்றி மாட்ட எளிதான சிலிண்டர்.

லிட்டர் கணக்கில் ஒப்பிட்டால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ஆர்எக்ஸ் 100 ஒரு லிட்டருக்கு 112 குதிரைத்திறன் தருகிற விகிதத்தில் இருக்கிறது. எம்எஸ் 661 சுமார் 80. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் 1961-இலேயே 125 சிசி பந்தய என்ஜினில் 25 குதிரைத்திறன் எடுத்துவிட்டார், லிட்டருக்கு 200. போர்க்காலத்தில் பேனமுண்டேயில் ஏவுகணைப் பணியில் இருந்த மனிதர் அவர். அவருடைய ரகசியத்தில் பாதி சிலிண்டருக்கு வெளியே, வயிறு பெருத்து வால் சிறுத்த சைலன்சரில் இருந்தது. புகையோடு கிளம்பும் அழுத்த அலை அந்த வால்பகுதியில் மோதித் திரும்பி, வெளியே நழுவிய புதிய கலவையை, போர்ட் மூடுவதற்குச் சற்று முன்பு, மறுபடி சிலிண்டருக்குள் திணிக்கும். அந்த ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்தின்போது எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குப் பக்கம் தப்பியோடினார். வித்தையும் கூடவே போனது. அடுத்த ஆண்டு 50 சிசி உலகப் பட்டத்தை சுசூகி வாகனத்தில் அவர் வென்றார். அதே சுசூகி பின்னாளில் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து ஓசூரில் 100 சிசி பைக் செய்தது என்பது உலகம் எவ்வளவு சிறியது என்பதற்கு ஒரு சாட்சி.

மரம் அறுக்கும் மெஷினில் அந்த நீளச் சைலன்சரை வைக்க இடமில்லை. முழங்கைக்கு முன்னால் ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். அலை திரும்பி வந்து காப்பாற்றாது என்பதால், எக்ஸாஸ்டை அதிகம் உயர்த்தினால் கலவை போனது போனதுதான். பந்தய பைக்கில் 190 டிகிரி வைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்து இதிலும் அதையே வெட்டுகிறவர், இழுவையும் இல்லாத, பெட்ரோலும் தாங்காத ஒரு சத்தப் பெட்டியைச் செய்து முடிப்பார்.

இன்னொரு வித்தியாசம் கையில் எடுத்ததுமே தெரியும். ஆர்எக்ஸ் 100 சிலிண்டருக்குத் தனி ஹெட் உண்டு. கழற்றி லேத்தில் இழைக்கலாம். உள்ளே இரும்பு ஸ்லீவ். தேய்ந்தால் ரீபோர் செய்து அடுத்த அளவு பிஸ்டன் போடலாம். மரம் அறுக்கும் மெஷினின் சிலிண்டர் பெரும்பாலும் ஹெட்டோடு சேர்த்து ஒரே வார்ப்பு, ஒரு பக்கம் அடைத்த குழாய். நேராக அரம் நுழையாது. பல் வைத்தியர் பயன்படுத்துவதைப் போல் தலை மடங்கிய சிறு கிரைண்டர் வேண்டும். சுவரில் இருப்பது நிக்கலுக்குள் சிலிக்கான் கார்பைடு துகள்களைப் புதைத்த பூச்சு. ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967-இல் உருவாக்கிய நிக்காசில் வகை. சாதாரண அரம் அதன்மேல் வழுக்கும். வைரத்தூள் பர் வைத்து, சுவரிலிருந்து போர்ட்டுக்குள் போகும் திசையில்தான் தேய்க்க வேண்டும். எதிர்த் திசையில் தேய்த்தால் பூச்சு விளிம்பில் பெயர்ந்து வரும். பெயர்ந்த சிலிண்டருக்கு ரீபோர் கிடையாது.

விளிம்பைத் தேய்த்து முடித்த பிறகு வருகிற வேலைதான் அசல் வேலை. பிஸ்டன் ரிங் ஒவ்வொரு சுற்றிலும் எக்ஸாஸ்ட் திறப்பைக் கடக்கும்போது லேசாக வெளியே பிதுங்கும். விளிம்பு கூராக இருந்தால், நொடிக்கு 166 தடவை அதில் மோதி, ஒரு நாள் மாட்டிக்கொள்ளும். அதனால் விளிம்பு முழுவதும் சிறு சரிவு கொடுத்து மழுக்க வேண்டும். போர்ட்டின் அகலம் சிலிண்டர் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல், மேல் விளிம்பு நேர்கோடாக இல்லாமல் வில்லாக வளைந்திருக்க வேண்டும். ரிங்கின் முனைகள் சந்திக்கிற இடம் எந்தப் போர்ட்டின் மேலும் வரவே கூடாது. வெட்டியது ஒரு மணி நேரமாக இருக்கும். மழுக்கியது இரண்டு மணி நேரமாக இருந்தால் அந்த மெக்கானிக்கை நம்பலாம்.

இழந்த அமுக்கத்தை மீட்க ஒரு வழி உண்டு. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அதற்கும் ஹெட்டின் ஓரத்துக்கும் இடையே உள்ள சந்தை ஸ்குவிஷ் என்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது பல மெஷின்களில் இது ஒரு மில்லிமீட்டர் போல தாராளமாக இருக்கும். பிளக் துளை வழியாகச் சால்டர் கம்பியை விட்டு, கயிற்றை மெல்ல இழுத்து நசுக்கி, வெர்னியரில் அளந்தால் தெரிந்துவிடும். சிலிண்டருக்கு அடியில் உள்ள அரை மில்லிமீட்டர் கேஸ்கெட்டை எடுத்துவிட்டு, சீலன்ட் மட்டும் தடவிப் பொருத்துவது வழக்கம். அரை மில்லிமீட்டருக்குக் கீழே சந்தை இறக்கினால், சூட்டில் நீளும் பிஸ்டன் ஹெட்டில் முட்டும். இந்தச் சந்து சரியாக இருந்தால் கலவை ஓரத்திலிருந்து நடுவுக்குப் பீய்ச்சப்பட்டு வேகமாக எரியும். ஆனால் சிலிண்டர் இறங்கினால் போர்ட்டுகளும் கூடவே இறங்கும். எக்ஸாஸ்ட் தாமதமாகத் திறக்கும், உள்ளிழுக்கும் துளையோ முன்னதாகத் திறக்கும். ஆகவே இறக்கிய பிறகு அளந்து, வேண்டிய இடத்தில் மட்டும் மீண்டும் வெட்ட வேண்டும். அளக்காமல் வெட்டுவது அதிர்ஷ்டச் சீட்டு.

உண்மையில், சிலிண்டரைத் தொடாமலே கிடைக்கிற லாபங்கள் இருக்கின்றன. புகை விதிகளுக்காகவும் சத்தத்துக்காகவும் சைலன்சரின் வாயை நிறுவனங்கள் நெருக்கி வைத்திருக்கின்றன. அதைக் கொஞ்சம் திறந்து, கார்புரேட்டரில் அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டினால் வித்தியாசம் உடனே தெரியும். கூட்டாவிட்டால் கலவை வறண்டு, பிஸ்டன் கீறிப் பிடித்துக்கொள்ளும். அதோடு ஏற்கெனவே காதுக்கு 100 டெசிபலைத் தாண்டுகிற மெஷின் இன்னும் அலறும். சைலன்சர் வாயிலுள்ள தீப்பொறி வலையைப் பிடுங்கி எறிவது மாசி பங்குனியில் மலையடிவாரத்துக் காய்ந்த புல்லுக்குச் செய்கிற துரோகம். வாரன்டி போவது இதற்கெல்லாம் முன்பே நடந்துவிடும்.

அதைவிட மலிவானது செயின். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டுகிறவர் 1940-களில் ஒரு வண்டுப் புழுவைப் பார்த்தார். மரநார் எந்தத் திசையில் ஓடினாலும் அது சளைக்காமல் குடைந்தது. இடமும் வலமுமாக மாறி மாறி வெட்டும் அதன் தாடையை இரும்பில் செய்ததுதான் இன்றைய சிப்பர் செயின். ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கு முன்னாலும் ஒரு சிறு கூன் இருக்கும். பல்லைவிட அது 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பல்லை மட்டும் தீட்டித் தீட்டி, கூனைத் தொடாமல் விட்டால் செயின் மரத்தை உரசுமே தவிரக் கடிக்காது. தூளாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம்; சீவலாகக் கொட்ட வேண்டும். பனையும் தென்னையும் உடம்பில் சிலிக்கா வைத்திருக்கும் மரங்கள். காலையில் தீட்டிய பல்லை மதியத்துக்குள் தின்றுவிடும். மழுங்கிய செயினோடு அலைகிற போர்ட் வெட்டிய மெஷினை, தீட்டிய செயின் போட்ட சாதாரண மெஷின் தோற்கடித்துவிடும். இது பட்டறைக்காரர்கள் விரும்பிச் சொல்கிற செய்தி அல்ல.

நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. மேலை நாடுகளின் புகை விதிகள் இறுகியபோது, கலவை நழுவுவதை அடியிலேயே நிறுத்த வழி தேடினார்கள். புதிய சிலிண்டர்களில் டிரான்ஸ்ஃபர் பாதையில் முதலில் வெறும் காற்று நிரம்பி நிற்கும். போர்ட் திறந்ததும் அந்தக் காற்று முன்னால் போய்ப் புகையைத் தள்ளும். வெளியே நழுவுவதும் அந்தக் காற்றுதான். பெட்ரோல் கலவை அதன் பின்னால் பத்திரமாக வரும். பிஸ்டனின் பக்கவாட்டில் பெரிய குழிகள் இருந்தால் அது இந்த வகை. பழைய சிலிண்டரை வெட்டிப் பழகியவர் இதிலும் கை வைத்தால், காற்றும் கலவையும் வரிசை மாறி, நிறுவனம் செய்த வேலையையும் அழித்துவிடுவார். ஸ்டில் 2019-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எம்எஸ் 500ஐ கார்புரேட்டரையே கைவிட்டு, பெட்ரோலை அளந்து செலுத்துகிறது: 79 சிசி, 5 கிலோவாட், 6.2 கிலோ.

கார்புரேட்டர் வைத்த மெஷின்களுக்குத் தென்காசிப் பக்கத்தில் வேறொரு தலைவலி, வானிலை. சித்திரை வெயிலில் 38 டிகிரியில் ட்யூன் செய்த மெஷினை ஆடிச் சாரலில் 26 டிகிரியில் எடுத்தால், காற்று நூற்றுக்கு நான்கு பங்கு அடர்ந்திருக்கும். ஈரப்பதம் அதில் கொஞ்சத்தைக் குறைத்தாலும் கலவை வறள்கிறது என்பதே கணக்கு. பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய திருகு நிலையில் கலவை ஏறத்தாழ எட்டு சதவீதம் வறண்டு எரியும். அமுக்கத்தைக் கூட்டிய என்ஜினில் நாக்கிங்கைத் தடுப்பது எத்தனாலின் நல்ல குணம். காற்றிலிருந்து ஈரம் குடிப்பது கெட்ட குணம். சாரல் மாதத்தில் பாதி கேனில் வாரக்கணக்கில் வைத்த பெட்ரோலில் தண்ணீர் எத்தனாலோடு அடியில் பிரிந்து தங்கக்கூடும். அப்போது 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கின் அடியிலிருந்து உறிஞ்சுகிற மெஷினுக்கு முதலில் கிடைப்பது ஆயில் இல்லாத தண்ணீர்ச் சாராயம்.

ஆகவே போர்ட் வெட்டிய மெஷினோ வெட்டாததோ, வெயில் போய்ச் சாரல் வந்தால் கார்புரேட்டரில் எச் என்று எழுதிய திருகைச் சற்றே திறந்துவிட வேண்டும். சுமையில்லாமல் முழுக்க முடுக்கும்போது என்ஜின் லேசாகத் திக்க வேண்டும். பல் மரத்தில் பதிந்ததும் அந்தத் திக்கல் மறைய வேண்டும். வேக வரம்பு வைத்த இக்னிஷன் காயில் உள்ள புதிய மெஷின்களில் இந்தக் காதுக் கணக்கு ஏமாற்றும். வரம்பைத் தொட்டதும் காயில் பொறியை வெட்டுகிற சத்தமும் திக்கல் போலவே கேட்கும். அவற்றை மரத்துக்குள் பதித்து, டேகோ மீட்டரைப் பார்த்துக்கொண்டேதான் திருக வேண்டும்.